ஆணுக்கு ஒரு செடி, பெண்ணுக்கு ஒரு செடி

வணக்கம். இந்தப் பூச்சி எந்தச் செடிக்கு வரும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது, ஆணா பெண்ணா என்றுதான். கொசுவில் பெண்தான் ரத்தம் குடிக்கும், ஆணுக்குப் பூந்தேனும் செடிச்சாறும் போதும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செடிக்கு வரும் பூச்சிகளில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிப்பதே இல்லை.

வெந்தய வரியன் பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புழுவாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் ஒரே எருக்கிலையைத்தான் தின்கின்றன. சிறகு முளைத்த பிறகு பெண் முட்டையிட மறுபடி எருக்கைத் தேடிப் போகும், ஆணோ காய்ந்துபோன தேள்கொடுக்குச் செடியிலோ கிலுகிலுப்பையிலோ போய் உட்கார்ந்துகொண்டு, உறிஞ்சுகுழலால் சொட்டுச் சொட்டாக நீரை விட்டு, அந்தச் சருகை நனைத்து, அதில் கரைவதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால், பின்சிறகில் வெள்ளை நடுவோடு ஒரு கறுப்புப் பொட்டு கூடுதலாக இருக்கும், அதுதான் ஆணின் அடையாளம். அந்தச் சருகில் தேனும் கிடையாது, சத்தும் கிடையாது. இருப்பது ஆல்கலாய்டு என்ற கசப்பான வேதிப்பொருள். அதை வைத்துத்தான் ஆண் பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிக்கிறது. இந்தக் குடும்பத்துச் சில இனங்களில், கூடும்போது அந்தக் கசப்பில் ஒரு பங்கு பெண்ணுக்கும் போய், அவள் இடும் முட்டைகளுக்கும் போய்ச் சேர்கிறது. எறும்பு போன்றவை அந்த முட்டைகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. அப்பன் சருகில் உறிஞ்சியது பிள்ளைக்குக் காவல்! எனக்கு இதில் இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அப்புறம் பழ ஈ. துளசியிலும் வேறு பல செடிகளிலும் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. மாம்பழத்தைக் கெடுக்கும் பழ ஈயில் ஆண் மட்டும் அந்த வாசனைக்குப் பைத்தியமாக ஓடிவரும், தின்று, அதையே தன் மணமாக மாற்றி வைத்துக்கொள்ளும். பெண்ணுக்கு வேண்டியது முட்டையிடப் பழம். தோட்டத்தில் கட்டும் பொறியில் இந்த வாசனையைத்தான் வைக்கிறார்கள். பொறி நிறைய ஈ விழுந்திருக்கிறது, பழம் மட்டும் அழுகிக்கொண்டே இருக்கிறதே என்று சிலர் மனம் வெறுத்துப்போவார்கள். விழுந்ததெல்லாம் ஆண். பெண்கள் ஆணோடு இணைசேர்வதற்கு முன்பே ஆண்களைக் குறைத்தால்தான் அந்தப் பொறியால் பலன், அதனால் காய் முற்றுவதற்கு நன்றாக முன்பே, நிறைய இடங்களில் கட்ட வேண்டும், உதிர்ந்த பழங்களையும் பொறுக்கி அழிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பொறியிலிருந்து ஓர் ஈயை எடுத்து வால்பக்கம் பாருங்கள், பழத்தோலைக் குத்தி முட்டையிடும் அந்தக் கூரான முனை இருக்காது.