ஒரு வெறும் தட்டுக்கு வடிவமைப்பாளர் எதற்கு? காய் ஃப்ராங்க் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளியில் பின்லாந்தின் காய் ஃப்ராங்க் பற்றி ஒரு நிமிடம்தான் பேசினேன், அதற்கு ஒரு நண்பர் நேரடியாகக் கேட்டிருக்கிறார்: "பூ இல்லை, கோடு இல்லை, வெறும் வட்டத் தட்டு. இதை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாமே, இதற்கு ஒரு வடிவமைப்பாளர் எதற்கு, அவரைக் கொண்டாடுவது எதற்கு? அவர் பீங்கான்காரரா, கண்ணாடிக்காரரா? அந்தத் தட்டு இப்போதும் கிடைக்கிறதா?" நல்ல கேள்வி. முதன்முதலில் அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கும் இதே எண்ணம்தான் வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். 1911-ல் வீபுரி என்ற ஊரில் பிறந்தவர், ஸ்வீடிஷ் பேசும் பின்லாந்துக்காரர். ஹெல்சின்கியில் படித்தது பீங்கானும் இல்லை, கண்ணாடியும் இல்லை, அறைக்கலன் வடிவமைப்பு. 1932-ல் படிப்பு முடித்து, விளக்கு, ஜவுளி, கடை ஜன்னல் அலங்காரம் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். களிமண் பக்கம் வந்தது 1945-ல். ஹெல்சின்கியின் அராபியா பீங்கான் ஆலையில் கலை இயக்குநராக இருந்த கர்ட் ஏக்ஹோல்ம் அவரை அழைத்து, அன்றாடப் புழக்கப் பாத்திரங்களை வடிவமைக்கும் வேலையைக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 33.

அந்த 1945 எப்படிப்பட்ட வருடம் என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதிலே. போர் முடிந்திருந்தது, பின்லாந்து தோற்றிருந்தது, கரேலியா என்ற பெரிய நிலப்பகுதி சோவியத் யூனியனுக்குப் போயிருந்தது. அங்கிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தார்கள். ஃப்ராங்க் பிறந்த வீபுரியும் அதோடு போய்விட்டது. இத்தனை பேருக்கும் சின்னச் சின்ன வீடுகள் கட்ட வேண்டும், அந்த வீட்டுச் சமையலறை சின்னது, அலமாரி அதைவிடச் சின்னது, கையில் பணமும் கிடையாது. ஆனால் ஆலைகள் அதுவரை விற்றுக்கொண்டிருந்தது என்ன? விருந்துக்கான முழு செட். சூப்புக்கு ஒரு தட்டு, மீனுக்கு ஒரு தட்டு, குழம்புக்கு மூக்கு வைத்த ஒரு கிண்ணம், எல்லாவற்றிலும் ஒரே பூ. ஒன்று உடைந்தால் செட்டே போச்சு.

ஃப்ராங்க் இந்த செட் என்ற எண்ணத்தையே உடைக்க வேண்டும் என்று நினைத்தார். 1940-களின் கடைசியிலிருந்து உழைத்து 1953-ல் விற்பனைக்கு வந்ததுதான் கில்டா என்ற பாத்திர வரிசை, நீங்கள் கேட்ட தட்டு இதில் வருவதுதான். வட்டம், சதுரம், செவ்வகம், அவ்வளவுதான் உருவங்கள். தட்டைச் சுற்றி வழக்கமாக வரும் அகல விளிம்பை எடுத்துவிட்டார். அந்த விளிம்பில் யாரும் சாப்பிடுவதில்லை, அது இடத்தைத்தான் அடைக்கிறது. விளிம்பு போனதும் தட்டு சிறிதாகிறது, அடுக்கினால் அலமாரியில் கொஞ்ச இடத்தில் நிறைய நிற்கிறது. எதையும் தனித்தனியாக வாங்கலாம், இந்த மாதம் இரண்டு கிண்ணம், அடுத்த மாதம் ஒரு ஜாடி. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வந்த நிறங்களை எப்படிக் கலந்து வைத்தாலும் மேசையில் பொருந்தும். நிறம் ஒன்றே போதுமான அலங்காரம் என்பது அவர் கொள்கை.

எனக்கு மிகவும் பிடித்தது அதில் வரும் பால் ஜாடி. வடிவம் ஏன் இவ்வளவு ஒல்லி என்று தோன்றும். பின்லாந்து வீடுகளில் குளிருக்காக ஜன்னலுக்கு இரண்டு அடுக்குக் கண்ணாடி உண்டு, நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அந்த இடைவெளிதான் பால் வைக்கும் இடம். ஜாடி அதற்குள் நுழைய வேண்டும், அதனால் ஒல்லி! இப்போது சொல்லுங்கள், இதை யார் வேண்டுமானாலும் வரைந்திருக்க முடியுமா? கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டை எங்கே போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அவர் அந்த வீட்டுக்காரர்கள் பாலை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பாதி ஆலைக்குள் இருக்கிறது. அலங்காரம் இல்லாத பாத்திரத்தில் குறையை மறைக்க முடியாது. பூ வரைந்த தட்டில் சின்னப் புள்ளி விழுந்தால் பூவோடு பூவாகப் போய்விடும், ஒரே நிறத் தட்டில் மேற்பூச்சு ஓரிடத்தில் மெலிந்தாலும் உடனே கண்ணில் படும். சூளையில் களிமண் சுருங்கும்போது சதுரத்தின் மூலை கோணலாகலாம். எளிமையாகத் தெரியும் பொருளை ஆயிரக்கணக்கில், குறைந்த விலையில், ஒரே மாதிரி செய்வது அதனால்தான் கடினம். இதை அவர் தனியாகவும் செய்யவில்லை. அராபியாவில் அவருடைய துறையில் காரினா அஹோ, உல்லா ப்ரோகோபே போன்ற திறமையான பெண் வடிவமைப்பாளர்கள் இருந்தார்கள், அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

சரி, கண்ணாடிக்கு வருவோம். பீங்கான்காரரா, கண்ணாடிக்காரரா என்றால், இரண்டும்தான். 1793-ல் தொடங்கிய நூட்டாயார்வி கண்ணாடி ஆலையும் அராபியாவும் வார்ட்சிலா என்ற ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தபோது, 1950-களின் தொடக்கத்தில் ஃப்ராங்க் அங்கே கலைப் பொறுப்பையும் ஏற்றார். 1976 வரை அந்தத் தொடர்பு நீடித்தது. சாரா ஹோப்பேயா என்ற வடிவமைப்பாளர் அங்கே ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் தம்ளர்களைச் செய்தார், பிறகு 1963-ல் ஓய்வா தோய்க்கா என்ற இன்னொரு வடிவமைப்பாளர் வந்து சேர்ந்தார். ஃப்ராங்க் 1958-ல் செய்த தம்ளருக்கு இன்றைய பெயர் கார்த்தியோ, அதாவது கூம்பு. அடி குறுகி மேலே கொஞ்சம் விரியும், வேறு எதுவுமே கிடையாது, நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும்.

ஆனால் அதே ஆலையில் அவர் வேறொரு ஆளாகவும் இருந்தார். கண்ணாடி ஊதுபவர்களோடு நின்று, சோப்புக் குமிழி போல மெல்லிய கலைப்பொருள்களைச் செய்தார். 'க்ரெம்ளின் மணிகள்' என்று இரண்டு குடுவைகள், ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கும், மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். சிக்கனமே உருவான மனிதர் என்று அவரைச் சொல்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

விருதுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நார்டிக் நாட்டு வடிவமைப்பாளர்களுக்கான லுன்னிங் பரிசு 1955-ல், மிலன் நகரின் திரியென்னாலே வடிவமைப்புக் கண்காட்சியில் கிராண்ட் ப்ரீ என்ற பெரும் பரிசும் இத்தாலியின் கொம்பாசோ தோரோ வடிவமைப்பு விருதும் 1957-ல். 1960 முதல் 1968 வரை ஹெல்சின்கியில் தான் படித்த பள்ளியிலேயே கலை இயக்குநர். உலகம் 'ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு' என்று கொண்டாடிய காலத்தில் பின்லாந்தின் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது.

இந்த இடத்தில்தான் அவர் செய்த ஒரு காரியம் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. அப்போது ஆலைகள் வடிவமைப்பாளரின் பெயரைப் போட்டுத்தான் பாத்திரத்தை விற்றன. நட்சத்திரங்கள் மாதிரி. 1960-களின் நடுவில் ஃப்ராங்க், அன்றாடப் பாத்திரத்தில் செய்தவன் பெயர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்தார். ஒரு தம்ளரை வாங்குபவர் தம்ளர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், பெயரைப் பார்த்து அல்ல என்பது அவர் வாதம். அதற்குள் எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது, அது ஒரே பெயரில் போவது சரியில்லை என்றும் நினைத்தார். அவருடைய கலைக் கண்ணாடிகளில் கையெழுத்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், இருக்கிறது. அதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊதுபவரோடு சேர்ந்து ஒரு நாளில் பிறக்கும் குடுவை வேறு, பல வீடுகளில் கஞ்சி குடிக்கும் கிண்ணம் வேறு. உங்கள் கேள்வியில் "அவரைக் கொண்டாடுவது எதற்கு" என்று இருந்ததே, அதைக் கேட்டிருந்தால் ஃப்ராங்க் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பார்.

அப்புறம் கடைசிக் கேள்வி, இப்போது கிடைக்குமா? கில்டா 1970-களின் நடுவில் நின்றுவிட்டது. அதன் களிமண் அவ்வளவு வலுவானதில்லை, விளிம்பு உதிரும். எழுபதை நெருங்கிய வயதில் ஃப்ராங்க் அதைத் திரும்ப எடுத்து, இன்னும் கெட்டியான பீங்கானுக்கு ஏற்றபடி உருவங்களைத் திருத்தினார், 1981-ல் அது தேயெமா என்ற பெயரில் வந்தது. அவர் 1989-ல் கிரீஸின் சாந்தோரினி தீவில் இறந்தார். தேயெமா இன்றும் இட்டாலா என்ற முத்திரையோடு விற்பனையில் இருக்கிறது. நூட்டாயார்வி ஆலை 2014-ல் மூடப்பட்டாலும் கார்த்தியோ தம்ளரும் அதே இட்டாலா பெயரில் கிடைக்கிறது.

பழைய கில்டாதான் வேண்டும் என்றால் பழைய பொருள் விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். வாங்கும்போது தட்டைத் திருப்பி அடியில் அராபியா முத்திரையைப் பாருங்கள், விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள், உதிர்ந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஓவனுக்குள்ளும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடப் போகிறீர்கள் என்றால் கில்டா வேண்டாம், தேயெமாவையே வாங்குங்கள்.