மனசு ஆறும்போது கெட்ட கனவு என்ன ஆகிறது?

வணக்கம் மக்களே. வேலூர் வெயில் இறங்கி மொட்டை மாடியில் கொஞ்சம் காற்று வருகிறது. இன்றைக்குக் கெட்ட கனவைப் பற்றிப் பேசலாம்.

மனசு ஆறிவிட்டால் கெட்ட கனவு பட்டென்று நின்றுவிடும் என்று நிறையப் பேர் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது முதலில் உருமாறும். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

குடியாத்தத்தில் எங்கள் பெரியம்மாவுக்குக் கைத்தறி. 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரே கனவு, நடந்தது நடந்தபடியே. இருட்டு, தறிக்குழியில் தண்ணீர் ஏறுகிறது, கால் நகரவில்லை. அலறிக்கொண்டு எழுந்துவிடுவார். மந்திரித்து விபூதி பூசினார்கள். அதிலும் ஓர் ஆறுதல் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துத் தறிக்காரப் பெண்களோடு உட்கார்ந்து அந்த ராத்திரியைப் பேசிப் பேசி அழுத பிறகுதான் கனவு அசைந்தது. தண்ணீர் வந்ததாம், ஆனால் என்றோ செத்துப்போன தாத்தா திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் ஒருநாள் கனவில், பெரியம்மாவே தறியின் பாவு நூலைச் சுருட்டிப் பரண்மேல் தூக்கிப் போட்டிருக்கிறார். "கனவுல என் கை வேலை செஞ்சுதுடி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எர்னஸ்ட் ஹார்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார். அதிர்ச்சிக் கனவில் மெல்ல மெல்லப் பழைய நினைவுகளும் வேறு ஆட்களும் வந்து கலப்பது, மனசு அந்தச் சம்பவத்தை மற்ற வாழ்க்கையோடு சேர்த்துத் தைப்பதன் அடையாளம். தெளிவான கனவுகள் அதிகம் வருவது ரெம் உறக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் உறக்கத்தில். விடியற்காலை நெருங்க நெருங்க அந்த உறக்கம் நீளும். அலறி விழித்தால் மனசின் அந்த வேலை பாதியில் அறுந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஐப்பசி மழை பிடித்தால் பெரியம்மாவுக்கு அந்தக் கனவு இப்போதும் எட்டிப் பார்க்கும். ஆறின மனசு மறுபடி கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. தயவுசெய்து பயந்துவிடாதீர்கள்.

சிலருக்குத் தானாக மாறாது. அவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பாரி கிராகோ என்ற மருத்துவரின் குழு அதைச் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டது. கனவை எழுதி, அதன் போக்கை நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி, அந்தப் புதுக் கனவை மட்டும் தினமும் கொஞ்ச நேரம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் ரொம்பக் கொடூரமான கனவில் தொடங்காதீர்கள், சின்னதாக ஒன்றை எடுங்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெடுகிறது, படுக்கவே பயம் என்றால் தனியாகப் போராட வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.