ஹைட்ரஜன் காருக்கு பேட்டரி எதற்கு?

(திரையில்: சிக்னலில் நிற்கும் டொயோட்டா மிராய். பச்சை விழுகிறது.)

வணக்கம். ஹைட்ரஜன் கார் என்றால் டேங்கில் ஹைட்ரஜன், அதிலிருந்து மின்சாரம், அதில் ஓடும் மோட்டார், அவ்வளவுதான் என்று நினைத்திருப்போம். ஆனால் 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் காரில் சின்னதாக ஒரு லித்தியம் அயன் பேட்டரியும் இருக்கிறது. 1.24 யூனிட்தான் கொள்ளும். அது செய்யும் வேலை பெரியது.

ஆக்ஸிலேட்டரை மிதித்த நொடியே மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் ஃபியூயல் செல்லுக்கோ ஹைட்ரஜனோடு காற்றும் வந்து சேர வேண்டும். காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். அதற்குள் கரண்ட்டை இழுத்தால் செல்லுக்கு மூச்சு முட்டும். மின்னழுத்தம் சட்டென்று விழும். இப்படி விழுந்து விழுந்து எழுந்தால் செல்லுக்குள் வேதிவினையைத் தூண்டும் பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் முதல் இழுப்பை பேட்டரி தாங்குகிறது. ஃபியூயல் செல் நிதானமாக மேலேறி வருகிறது.

(திரையில்: பிரேக் மிதி. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் அம்புக்குறி.)

பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரம் தயாரிக்கும். ஃபியூயல் செல்லால் அதை வாங்கி வைக்க முடியாது. பேட்டரிதான் வாங்கும்.

சரி, எப்போது யார் எவ்வளவு கொடுப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பேட்டரியில் இருப்பது இலவச மின்சாரம் இல்லை. இன்று எடுப்பதைப் பிறகு ஹைட்ரஜனைச் செலவழித்துத்தான் நிரப்ப வேண்டும். ஆகவே கட்டுப்பாட்டுக் கணினி பேட்டரி மின்சாரத்தையும் ஹைட்ரஜன் கிராமாக மாற்றிப் பார்த்து, மொத்தச் செலவு குறைந்த பங்கீட்டை நொடிக்கு நொடி தேர்ந்தெடுக்கலாம். பொறியாளர்கள் இந்த முறையை ஈசிஎம்எஸ் என்பார்கள். பேட்டரி இறங்கிக்கொண்டே போனால், அதன் மின்சாரத்துக்குக் கணினி வைக்கும் விலையும் ஏறும். கடன் வாங்கியவருக்கு வட்டி ஏறுகிற மாதிரி.

பேட்டரியை முழுக்க நிரப்பியும் வைக்கக் கூடாது. சுமார் 1.9 டன் எடையுள்ள இந்தக் கார் 100 மீட்டர் உயரம் இறங்கினாலே, இழப்புகளைக் கழிக்காமல் பார்த்தால், அரை யூனிட் கிடைக்கும். இடமில்லாவிட்டால் அத்தனையும் பிரேக்கில் சூடாகப் போய்விடும்.

(திரையில்: மலைப்பாதையின் வரைபடம்.)

முன்னால் இறக்கம் வருகிறது என்று வரைபடத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, மேட்டில் ஏறும்போதே பேட்டரியைக் காலி செய்து வைக்கும் முறைகளை இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.