மரணத்தைப் பற்றி ஒருவர் பேச்செடுத்தால்...

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குச் சாவைப் பற்றிப் பேசப்போகிறேன். "காலங்காத்தால ஏன் இந்தப் பேச்சு" என்று நினைப்பவர்கள்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

நாலு பேர் கூடினால் அரசியல், சினிமா, அடுத்தவர் கதை எல்லாம் வரும். நடுவில் வயதான ஒருவர், "நான் போனதுக்கப்புறம் இந்தப் புத்தகமெல்லாம் என்ன ஆகுமோ?" என்று கேட்கட்டும். உடனே ஆளாளுக்கு, "வாயில நல்ல வார்த்தையே வராதா", "நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்று ஆரம்பித்துவிடுவோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அவர் கேட்டது புத்தகங்களைப் பற்றி. அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. அடுத்த தடவை அவர் வாயே திறக்க மாட்டார்.

சுவிட்சர்லாந்தில் பெர்னார் கிரெத்தாஸ் என்ற சமூகவியலாளர் 2004-இல் இதற்கென்றே ஒரு கூட்டம் நடத்தினார். சாவைப் பற்றி மனம் விட்டுப் பேச மட்டும் கூடும் கூட்டம். அதைப் பார்த்து, 2011-இல் லண்டனில் ஜான் அண்டர்வுட் தன் வீட்டிலேயே 'டெத் கஃபே' தொடங்கினார். டீ, கேக், முன்பின் தெரியாத சிலர், அவ்வளவுதான். பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அண்டர்வுட் 2017-இல், 44 வயதில், திடீரென்று இறந்துபோனார். அவருடைய அம்மாவும் சகோதரியும் அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

அந்தக் கூட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த விதி, வந்தவர்களை எந்த முடிவை நோக்கியும் தள்ளக் கூடாது என்பது. உபதேசம் கிடையாது, யாரும் எதையும் விற்கவும் கூடாது. நம் பேச்சுக்கும் இது போதும். "ஏன் அப்படித் தோணுது?" என்று கேளுங்கள், அப்புறம் பேசாமல் இருங்கள்.

இதில் நடைமுறைப் பக்கமும் இருக்கிறது. நோயாளி நினைவில்லாமல் கிடக்கிறார். வென்டிலேட்டர் வைக்கலாமா என்று மருத்துவர் கேட்கிறார். வெளியே வராந்தாவில் அண்ணன் ஒன்று சொல்கிறார், தங்கை வேறு சொல்கிறார். இரண்டு பேருக்கும் அப்பாவின் விருப்பம் தெரியாது. அவர் தெளிவாக இருந்தபோது யாரும் கேட்டதில்லை. எந்த முடிவு எடுத்தாலும், தவறு செய்துவிட்டோமோ என்ற உறுத்தல் பிள்ளைகளிடமே தங்கிவிடுகிறது. நல்லபடியாக இருக்கும்போது பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்தச் சுமை பாதியாவது இறங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சாவை யோசிப்பது வேறு, சாக வேண்டும் என்று நினைப்பது வேறு. "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால் அதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை, கயிறு மாதிரி கைக்கு எட்டுகிற ஆபத்தையெல்லாம் அப்புறப்படுத்துங்கள். மனநல மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசும் வரை கூடவே இருங்கள்.