ஓர் உறையில் இரண்டு கத்தி

(மேரிலாந்தில் தமிழர்கள் கூடிய பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சந்தனமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்றுக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்து, புரியாத மொழியில் நான் பேசுவதைப் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கவுண்டி (மாவட்ட) மன்ற உறுப்பினர் அவர்களே, அடுத்து நடக்கவிருக்கும் பட்டிமன்றத்தின் நடுவராக முன்வரிசையில் பொறுமை காக்கும் புலவர் ஐயா அவர்களே, பொங்கலுக்கு வெல்லம் முதல் வாழையிலை வரை வாங்கித் தந்த கொடையாளர்களே, சலங்கை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று ‘இந்த மாமா எப்போது முடிப்பார்’ என்று எட்டிப் பார்க்கும் செல்வங்களே, பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைவருக்கு நன்றி. என்னை அறிமுகம் செய்த நண்பர் சொன்னதில் பாதி உண்மை, மீதி நட்பு. எனக்குக் கொடுத்த இருபது நிமிடத்தில் அந்த நட்பு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதைப் பொருளாளர் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

தந்திருக்கும் தலைப்பு ‘அமெரிக்க அரசியல் சட்டமும் கூட்டாட்சியும்’. நான்கு செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். இந்தக் கூட்டாட்சி பிறந்த விதம் ஒன்று. மத்திய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொண்ட விதம் இரண்டு. காங்கிரஸ் என்னும் இந்நாட்டு நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர், நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் ஏற்பாடு மூன்று. சட்டத்தைத் திருத்தும் வழி நான்கு.

‘ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது’ என்று நம் ஊரில் சொல்வார்கள். நான் எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழியும் கூடவே ஏறிவிடும் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். 1787-ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியாவில் 55 பேர் கூடி, வெளியில் பேச்சு கசியக் கூடாது என்று சன்னல்களைச் சாத்திக்கொண்டு, வியர்வை வழிய உட்கார்ந்து செய்த வேலை இந்தப் பழமொழியைப் பொய்யாக்கும் வேலைதான். ஒரே நிலம், ஒரே மக்கள், அவர்கள் மேல் ஒரே நேரத்தில் இரண்டு அரசுகள். உலகம் அதுவரை அப்படி ஒன்றை இந்த அளவில் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1786 செப்டம்பரில், இங்கிருந்து காரில் போய்விடக்கூடிய அனாபொலிஸ் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. அன்றைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. மாநிலங்களோ ஒன்றன் சரக்குக்கு மற்றொன்று வரி போட்டுக்கொண்டிருந்தன. இதைப் பேசித் தீர்க்கத்தான் அழைப்பு. வந்தவை ஐந்தே மாநிலங்கள், பன்னிரண்டே பேர். வராதவர்கள் பட்டியலில் யார் யார் என்று பார்த்தால், கூட்டம் நடந்த ஊருக்குச் சொந்தக்காரனான மேரிலாந்தே இருக்கிறது! மண்டபம் நம்முடையது, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், பெண் வீட்டாரைக் காணோம். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு பேர் சும்மா கலையவில்லை. அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் கூடுவோம் என்று, அவர்களில் ஒருவரான நியூயார்க் பிரதிநிதி ஹாமில்டன் எழுதிய அறிக்கையோடு கலைந்தார்கள். அங்கேதான் இன்றைய சட்டம் பிறந்தது.

இரண்டாவது செய்தி. ஒரே உறையில் போட்ட கத்திகள் உரசாமல் இருக்குமா? பெரிய உரசல் ஒன்று நடந்ததும் நம் மாநிலத்தில்தான். பால்டிமோரில் மத்திய அரசின் வங்கிக்கு ஒரு கிளை இருந்தது. எங்கள் மண்ணில் எங்கள் அனுமதி இல்லாமல் வங்கியா என்று 1818-ல் மேரிலாந்து ஒரு சட்டம் போட்டது. அப்படிப்பட்ட வங்கி, மாநிலத்தின் முத்திரைத்தாளில்தான் நோட்டு அச்சிட வேண்டும். இல்லையென்றால் ஆண்டுக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும். கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் கட்ட மறுத்தார். (பின்னாளில் அந்த வங்கிப் பணத்தைச் சுருட்டியதாக அவர் மேலேயே வழக்கு வந்து விடுதலை ஆனது தனிக்கதை.) 1819-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். வங்கி என்ற சொல் அரசியல் சட்டத்தில் இல்லாவிட்டாலும், கொடுத்த அதிகாரத்தைச் செயல்படுத்தத் தேவையானதைக் காங்கிரஸ் செய்யலாம். வரி போடும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் இருக்கிறது என்பதால், மாநிலம் மத்திய அரசின் நிறுவனத்துக்கு வரி போட முடியாது.

அப்படியானால் மத்திய அரசின் கத்திதான் நீளமானதா என்று கேட்பீர்கள். 1833-க்கு வாருங்கள். மறுபடியும் பால்டிமோர், மறுபடியும் அதே மார்ஷல். ஜான் பாரன் என்பவருக்குத் துறைமுகத்தில் ஆழமான படகுத்துறை ஒன்று இருந்தது. மாநகராட்சி சாலை போடுகிறேன் என்று ஓடைகளைத் திருப்பிவிட, மண் வந்து அடைத்துக் கப்பல் அண்ட முடியாமல் போயிற்று. அரசு ஒருவன் சொத்தை எடுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று ஐந்தாம் திருத்தம் சொல்கிறதே என்று உச்ச நீதிமன்றம் போனார். அந்தத் திருத்தம் மத்திய அரசைக் கட்டுப்படுத்துமே தவிர மாநிலத்தையும் மாநகராட்சியையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. முதல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்த, நாடே பெருமை பேசும் உரிமைப் பட்டியல் உள்ளூர் நகராட்சியிடம் செல்லவில்லை! உள்நாட்டுப் போர் முடிந்து, 1868-ல் பதினான்காம் திருத்தம் வந்து, அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீதிமன்றத்தில் வழக்காடித்தான் அந்த உரிமைகளில் பெரும்பாலானவை மாநிலங்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கின. பாரன் பட்ட நட்டம் பட்டதுதான்.

மூன்றாவது செய்தி மூன்று துறைகளைப் பற்றியது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுத்துத் திருப்பியனுப்பிய மசோதாவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மீண்டும் நிறைவேற்றலாம் என்பதை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

நான்காவதற்கு ஒரு கதை இருக்கிறது. இதை அவசரமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

1982. டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம், பல்கலைக்கழகத்தில் கிரிகரி வாட்சன் என்றொரு இளங்கலை மாணவர். அரசியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். நூலகத்தில் புத்தகம் புரட்டும்போது ஒரு சங்கதி கண்ணில் படுகிறது. 1789-ல், அரசியல் சட்டத்தை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் முன்னின்று, காங்கிரஸ் பன்னிரண்டு திருத்தங்களை மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. பத்து நிறைவேறின. மீதி இரண்டில் ஒன்று என்ன தெரியுமா? காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வர வேண்டும். எவ்வளவு நியாயம்! அது நிறைவேறவும் இல்லை, காலக்கெடு எதுவும் இல்லாததால் சாகவும் இல்லை. அப்படியே கிடந்தது. ‘இதை இன்றைக்கும் நிறைவேற்றலாம்’ என்று மாணவர் கட்டுரை எழுதினார். மதிப்பெண் வந்தது: ‘சி’.

இங்கே இருக்கும் தாய்மார்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கிறேன். நம் வீட்டுப் பிள்ளை ‘சி’ வாங்கி வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மேல்முறையீடு செய்தார். மதிப்பெண் மாறவில்லை. சரி, சட்டத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். ஒவ்வொரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் தட்டச்சு செய்து கடிதம். பதில் வராத கடிதங்கள், முடியாது என்ற பதில்கள். 1983-ல் மெய்ன் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஆண்டு கொலராடோ. காங்கிரஸ்காரர்கள் சம்பளத்தை உயர்த்திக்கொள்ள, மக்களுக்குக் கோபம் ஏற, மாநிலங்கள் வரிசையாக வந்தன. கைக்காசு ஏறத்தாழ ஆறாயிரம் டாலர் செலவழித்திருக்கிறார் மனிதர். 1992 மே மாதம், தேவையான நான்கில் மூன்று பங்கு, அதாவது 38 மாநிலங்கள் சேர்ந்து, அது இருபத்தேழாம் திருத்தம் ஆயிற்று. மாடிசன் இறந்து அப்போது 156 ஆண்டுகள். 2017-ல் அந்த ஆசிரியையே கையெழுத்திட்டு மதிப்பெண்ணை ‘ஏ’ ஆக்கிக் கொடுத்தார். இவ்வளவையும் சொல்லிவிட்டு நம் மாநிலத்தின் மானத்தையும் காக்க வேண்டும் அல்லவா? அந்தத் திருத்தத்துக்கு முதன்முதலில் ஒப்புதல் தந்த மாநிலம் மேரிலாந்து. 1789 டிசம்பரிலேயே. அனாபொலிஸில் வைத்த கடனை வட்டியோடு அடைத்துவிட்டார்கள்.

ஒரு மாணவர் வாஷிங்டனுக்கு எழுதிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. அவர் மாநிலங்களுக்கு எழுதினார். நான் வந்த காரியம் இதுதான். தலைப்பைக் கொடுத்த செயலாளருக்கும் இது முன்பே தெரியும்.

நாம் வாஷிங்டனைப் பார்த்தே வாழ்கிறோம். காங்கிரஸ் தேர்தலில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் வென்றால் கை தட்டுகிறோம், ராஜா கிருஷ்ணமூர்த்தி வென்றால் இனிப்பு கொடுக்கிறோம். நம் கவுண்டியின் கல்வி வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் கேட்டால் விழிக்கிறோம். அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதைப் பத்தாம் திருத்தம் மாநிலத்துக்கு விட்டது. மாநிலம் இந்த 23 கவுண்டிகளுக்கும் பால்டிமோர் நகருக்கும் பெரும்பாலும் விட்டது. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எல்லைக்கோடு போடுவதும், தீபாவளிக்கு விடுமுறையா என்று முடிவு செய்வதும் அந்த வாரியம். அதற்குக் குடியரசுத் தலைவருக்கு மனு எழுதினால் என்ன பயன்?

நான் தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் உதவிக்கு நிற்பவன். வாக்குச்சீட்டு என்பது நீளமான தாள். கறுப்பு மையால் முட்டை வடிவக் கட்டங்களை நிரப்ப வேண்டும். முன்பக்கத்தில் பெரிய பெயர்கள். திருப்பினால் நீதிபதிகள், கல்வி வாரியம், கவுண்டி சாசனத் திருத்தக் கேள்விகள். ஒரு முறை வேலை முடிந்து வாகன நிறுத்தத்தில் நம்மவர் ஒருவரைப் பார்த்தேன். சட்டையில் ‘நான் வாக்களித்தேன்’ ஒட்டுவில்லை. கல்வி வாரியத்துக்கு யாருக்குப் போட்டீர்கள் என்றேன். “பின்னாலும் அச்சடித்திருந்தார்களா?” என்றார்.

இந்த வாக்கு நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டபோது, இந்தியர் அதற்குத் தகுதியில்லாதவர் என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே பெற்றிருந்த பலரிடமிருந்தும் பறித்தார்கள். 1946-ல்தான் சட்டம் மாறியது. பத்தே ஆண்டில், 1956-ல், தலீப் சிங் சவுந்த் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்குப் போனார். போவதற்கு முன் அவர் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரில் நீதிபதித் தேர்தலில் நின்று வென்றவர். கீழே தொடங்கினார்.

குடியுரிமை இன்னும் வரவில்லையே என்பவர்களுக்கும் ஒரு செய்தி. நம் மாநிலத்தின் டகோமா பார்க் நகரில், குடிமக்கள் அல்லாத குடியிருப்பாளர்களும் நகரத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2013 முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளும் அங்கே வாக்களிக்கிறார்கள். நாட்டிலேயே அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். வாஷிங்டன் கொடுக்காததை, கூப்பிடு தொலைவில் இருக்கும் ஒரு சிறு நகரம் கொடுக்கிறது. ஓர் உறையில் இரண்டு கத்தி என்றேன். நகராட்சியையும் எண்ணினால் மூன்றாகிறது. மூன்றில் நம் கைக்கு எட்டுவது சின்னக் கத்தி. அதைத் தொடாமலே இருக்கிறோம்.

கவுண்டி மன்ற உறுப்பினர் அவர்களுக்கு இதை ஆங்கிலத்தில் பிறகு சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு நம்மவர் நிறையப் பேர் வருவார்கள், நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

வாசலுக்கு இடப்புறம் உள்ள மேசையில் வாக்காளர் பதிவுப் படிவங்கள் இருக்கின்றன. ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒன்று: பச்சை அட்டையோ வேலை விசாவோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், குடிமகன் என்று தவறாக அறிவித்தால் நாட்டில் இருப்பதற்கே ஆபத்து வரும். அவர்களில் டகோமா பார்க்கில் குடியிருப்பவர்கள் நகர அலுவலகத்தில் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். குடியுரிமை பெற்றவர்கள் சாப்பாட்டு வரிசைக்குப் போகும் வழியில் மேசைக்கு வாருங்கள். பேனா நான் வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.