முன்னே போகிறவரின் புழுதி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் நண்பர் ஒருவரோடு மோட்டார் சைக்கிளில் சுற்றி, இரவுகளில் கூடாரம் போட்டுத் தங்கி வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். இந்தப் பயணத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி, "சிங்கம் பாத்தீங்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் சிங்கத்துக்காகக் காத்திருப்பவர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம். நாங்கள் அதிகம் கண்டது புழுதி. நண்பர் கிளப்பிய புழுதியை நானும், நான் கிளப்பியதை அவரும். இரண்டு பேர் சேர்ந்து போகிற பயணத்தை இந்தப் புழுதி என்ன பாடு படுத்துகிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நண்பர் கோயம்புத்தூர்க்காரர். பம்ப்செட் தொழில், சொந்தமாக ஒரு பட்டறை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

கேப் டவுனில் ஆளுக்கொரு 650 சி.சி. வண்டி வாடகைக்கு எடுத்தோம். உயரமான வண்டி, சிக்னலில் நின்றால் என் கால்களில் நுனிவிரல்தான் தரையைத் தொடும். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் கை, கண் எதையும் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். எல்லை தாண்டுவது பெரிய தலைவலியாக இருக்கும் என்று பயந்திருந்தோம், இருக்கவில்லை. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். 1910-இல் தொடங்கியது, இன்று உலகில் நடப்பில் உள்ள சுங்க ஒன்றியங்களில் அதுதான் மூத்தது. தென்னாப்பிரிக்கப் பதிவெண் உள்ள வண்டிக்கு அந்த நாடுகளில் சுங்கப் பிணைப் பத்திரம் கேட்பதில்லை. வண்டிக்காரர் எழுதிக்கொடுத்த அனுமதிக் கடிதம் போதும். நமீபியா எல்லையில் சாலை வரி ஒன்று கட்டினோம். தென்னாப்பிரிக்காவின் ராண்ட் நோட்டு நமீபியாவிலும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லும். திரும்பும்போது நமீபியா டாலரை தென்னாப்பிரிக்காவில் கொடுத்தால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கேப் டவுனிலிருந்து வடக்கே நமீபியா எல்லை வரை என்-7 நெடுஞ்சாலை, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நல்ல தார். நாங்கள் போனது ஆகஸ்ட்டில். நமக்குவாலாந்து என்ற வறண்ட சீமை வழியில் வருகிறது. குளிர்காலத்தில் நாலு மழை பெய்திருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே தரையெல்லாம் ஆரஞ்சுப் பூ. ஆனால் அந்தப் பூ வெயில் ஏறினால்தான் இதழ் விரிக்கும். வெள்ளெனக் கிளம்பிக் கடந்துபோகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் நிதானமாகக் கிளம்பும் சோம்பேறிகளுக்கு இயற்கை தரும் பரிசு என்று நான் சொல்ல, அதைப் பயணம் முழுக்க நண்பர் தன் தாமதங்களுக்குச் சாக்காக வைத்துக்கொண்டார்.

எல்லையில் ஆரஞ்சு நதி. அதன் நமீபியக் கரையில் முதல் கூடாரம். மறுநாளிலிருந்துதான் உண்மையான கதை, ஏனென்றால் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்தோம், தார் முடிந்து சரளை தொடங்கியது.

நமீபியாவின் பரப்பு 8,25,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மாதிரி ஆறு அதற்குள் அடங்கும். 2023 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு கொஞ்சம் பேருக்கு எத்தனை சாலைக்குத்தான் தார் போடுவது? பெரும்பாலானவை சரளைச் சாலைகள். அவ்வப்போது கிரேடர் வந்து மட்டப்படுத்திவிட்டுப் போகும். மட்டப்படுத்திப் பல நாள் ஆகிவிட்டால் சாலையின் குறுக்கே வரிவரியாக அலை எழும்பிவிடும். அதன்மேல் மெதுவாகப் போனால் பல் ஆடும். எழுபதை ஒட்டிப் போனால் வண்டி அலைகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும்; ஆட்டம் குறையும், பிடிமானமும் குறையும். இரண்டில் எது வேண்டும் என்று ஓட்டுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டோம். கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்க்கை அணைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, தூரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். மணல் வந்தால் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஆக்சிலேட்டரை விடவும் கூடாது. பயம் வரும்போது கை செய்ய நினைக்கும் காரியம் இந்த இரண்டும்தான். "ஏப்பா, அந்த ஹேண்டில கழுத்த நெரிக்கற மாதிரி புடிக்காத, அது போற வழிக்கு உடு" என்பார் நண்பர். சொல்வது அவருக்கு எளிது. அவருக்குக் கால் எட்டும்.

இனி புழுதிக்கு வருகிறேன். சரளையில் ஒரு வண்டி போனால் அதன் பின்னால் அரை கிலோமீட்டருக்கு மேல் புழுதி நிற்கும். அதற்குள் இன்னொரு வண்டியை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். பள்ளம் தெரியாது, எதிரே வரும் லாரியும் தெரியாது. குறுக்குக் காற்று அடித்தால் தப்பித்தோம், புழுதி ஒதுங்கிவிடும். காற்று இல்லாத நாளில் பின்னால் வருகிறவர் ஒரு கிலோமீட்டராவது விட்டுத்தான் வர வேண்டும். ஆக, சேர்ந்து போனோம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோமே தவிர, பகல் முழுக்க ஆளுக்கு ஒரு பாலைவனம். முன்னால் போகிறவருக்கு நண்பர் என்பது பக்கக் கண்ணாடியில் தெரியும் ஒரு ஹெட்லைட் புள்ளி. பின்னால் வருகிறவருக்கு அதுவும் கிடையாது, தூரத்தில் ஒரு புழுதி வால்.

இதற்கு இரண்டு கட்டளைகள் போட்டுக்கொண்டோம். சாலை பிரியும் இடத்தில் முன்னால் போனவர் நிற்க வேண்டும், பின்னவர் கண்ணில் படும் வரை. கண்ணாடியில் புள்ளி வெகுநேரம் காணாமல் போனால் திரும்பி வந்து பார்க்க வேண்டும். பங்க்கைக் கண்டால் தேவையோ இல்லையோ டேங்க்கை நிரப்புவது மூன்றாவது கட்டளை, ஆனால் அது அந்த ஊரில் எல்லோருக்கும் உள்ளது. ஆஸ் என்ற சிற்றூரிலிருந்து செஸ்ரியம் வரை 300 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஏதாவது ஒரு பங்க்கில் பெட்ரோல் தீர்ந்திருந்தால் லாரி வரும் வரை அங்கேயே கூடாரம்தான்.

அந்த வழியில்தான் ஒரு நாள் கண்ணாடியில் புள்ளியைக் காணோம். நின்றேன். தண்ணீர் குடித்தேன். வரவில்லை. சாய்ந்து கிடக்கும் வண்டியை மனசுக்குள் பார்த்தபடி திரும்பி ஓட்டினேன். வெகுதூரம் வந்த பிறகு, சாலையோரக் கம்பிவேலிக்கு அப்பால் காற்றாலை ஒன்றின் கீழ் அவருடைய வண்டி ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நின்றது. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. ஐயா இரும்புக் கோபுரத்தின் அடியில் இரண்டு பேரோடு சேர்ந்து கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்.

நமீபியாவின் உட்பகுதியில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வற்றாத ஆறுகள் எல்லாம் எல்லைகளை ஒட்டித்தான். உள்ளே ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணை எல்லாம் ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருவது, நூறாண்டுக்கு மேலாக, காற்றாடி. விசிறி சுற்றும், தலையில் இருக்கும் பல்சக்கரம் அந்தச் சுற்றலை மேலும் கீழுமான அசைவாக மாற்றும், நீண்ட கம்பி கிணற்றுக்குள் இறங்கி அடியில் உள்ள பிஸ்டனைத் தூக்கித் தூக்கி விடும். மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். இப்போது பல இடங்களில் சோலார் மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் கிறீச் கிறீச் என்று சுற்றும் காற்றாடிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. முதல் நாளிலிருந்தே நண்பர் ஒவ்வொன்றின் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டேதான் ஓட்டினார்.

அன்று ஒரு பண்ணைக்காரரும் அவருடைய உதவியாளரும் கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, மரை கழற்றி, வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் சும்மா வேடிக்கை பார்க்க நின்றவர், மூன்றாவது கம்பியிலேயே கையுறையைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். கடைசியில் பிஸ்டன் வந்தது. அதில் கிண்ணம் போன்ற தோல் வாஷர், ஓரம் தேய்ந்து நூல்நூலாக. நண்பர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பாத்தயா? நம்மூரு அடிபம்புல வர்ற அதே வாஷர்தான்." பண்ணைக்காரர் புதிய வாஷரை அப்படியே மாட்டப் போனபோது, எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினால் நீடித்து உழைக்கும் என்று இவர் தடுத்தார். எங்கள் ஊரில் விளக்கெண்ணெய் என்றார். என்ன எண்ணெய் என்று அவர் கேட்க, ஆமணக்கை ஆங்கிலத்தில் விளக்க இருவரும் சேர்ந்து பட்ட பாடு தனிக் கதை. பண்ணைக்காரர் வீட்டு மருந்துப் பெட்டியில் ஒரு பழைய புட்டி இருந்தது. வாஷர் ஊறட்டும் என்று அன்றிரவு அங்கேயே கூடாரம் போட்டோம்.

பகலில் பேச முடியாததையெல்லாம் பேசித் தீர்ப்பது இரவில்தான். அங்கே முகாம் இடங்களில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு இரும்புக் கிராதி அடுப்பு இருக்கும். விறகு பெட்ரோல் பங்க்கிலேயே கட்டுக்கட்டாக விற்கிறது. கேமல்தார்ன் என்ற வேல மரத்து விறகு. கல் மாதிரி கனம், மெதுவாகப் பிடிக்கும், விடிகாலை வரை கங்கு இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதில் இறைச்சி சுடுகிறார்கள், பக்கத்தில் மக்காச்சோளக் களி. நாங்கள் சோறும் ரசமும். கேப் டவுன் கடையிலேயே டர்பன் மசாலாப் பொடி கிடைத்தது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களிடமிருந்து தொடங்கிய கைமணம் அது. காரம் நம் நாக்குக்குப் பழகியதுதான். அன்று காலை வளைவில் நான் வழுக்கியதை, ஓர் ஓரிக்ஸ் மான் சாலையைக் கடந்ததை, அவர் பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்தவை எனக்குத் தெரியாது. ஒரே சாலையில் வந்த இரண்டு பேர் இரண்டு ஊருக்குப் போய்வந்தவர்கள் போலக் கதை சொல்லிக்கொள்வோம். ஒன்பது மணிக்கெல்லாம் குளிர் எலும்பைத் தொடும். பூட்ஸைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்து ஜிப்பை மூடிவிட வேண்டும். வெளியே விட்டால் நரி தூக்கிக்கொண்டு போகும், அல்லது காலையில் உள்ளே தேள் இருக்கும்.

செஸ்ரியத்தில் ஒரு செய்தி, போக நினைப்பவர்களுக்காக. 300 மீட்டருக்கு மேல் உயர்ந்த செம்மணல் மேடுகள் உள்ள சோசஸ்வ்லேய்க்கு மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு, சுற்றுலா வேனில்தான் போக வேண்டும். எட்டோஷா தேசியப் பூங்காவிலும் அப்படித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை, விலங்குகள் இருக்குமிடத்தில் கூரையில்லாத வாகனம் எதற்கு? நண்பர் மட்டும் வேனில் உட்கார்ந்து வழியெல்லாம் முணுமுணுத்தார். சுவாகோப்முண்ட் கடற்கரையில் பனிமூட்டம், ஈரக் குளிர், ஜெர்மன் காலத்துக் கட்டடங்கள். அந்த அழகான கட்டடங்களுக்குப் பக்கத்தில் 1904 முதல் 1908 வரை ஜெர்மானியர் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்த வரலாறும் இருக்கிறது. அந்த ஊரிலேயே கைதி முகாம் இருந்தது. அங்கே எங்களுக்கு அதிகம் தங்கப் பிடிக்கவில்லை.

பிறகு வடகிழக்கே, ருண்டு தாண்டி, கப்ரிவி நிலக்கீற்று. வரைபடத்தில் பார்த்தால் நமீபியா கிழக்கே ஒரு விரலை நீட்டியது போல இருக்கும். சுமார் 450 கிலோமீட்டர் நீளம். 1890-இல் ஜெர்மனி, பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தில் வாங்கியது. சாம்பசி நதிக்கு வழி கிடைத்தால் படகில் கிழக்குக் கடலுக்குப் போகலாம் என்று கணக்கு. கீழே 108 மீட்டர் விழும் விக்டோரியா அருவி இருக்கிறதே! பேர் மட்டும் அந்தக் கால ஜெர்மன் பிரதமர் கப்ரிவியுடையது. 2013-இல் அரசு அந்தப் பகுதிக்கு சாம்பசி என்று பெயர் மாற்றிவிட்டது.

அங்கே சாலை தார். புழுதி கிடையாது. பயணத்தில் முதல்முறையாக நீண்ட நேரம் பக்கம் பக்கமாக ஓட்டினோம். ஆனால் அது யானை நடமாடும் காடு. ப்வாப்வாட்டா பூங்காவின் நடுவே போகிற சாலை அது. எதிரில் ஒரு கூட்டம் கடந்தபோது நான் வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல், தூரத்திலேயே நின்றேன். நண்பர் சற்றும் அலட்டிக்கொள்ளவில்லை. மதுக்கரைப் பக்கம் ரயில் பாதையில் யானை நிற்பதைக் கேட்டு வளர்ந்தவர். "ஆரன் அடிக்காத, அதுபாட்டுக்குப் போகும்." போயிற்று. ஆற்றங்கரை முகாமில் நீர்யானை விஷயம் வேறு. இரவில் மேய வெளியே வரும், அது போகும் தடம் புல்லில் வாய்க்கால் மாதிரித் தெரியும். அந்தத் தடத்தில் கூடாரம் போடக் கூடாது, இருட்டில் தண்ணீர்ப் பக்கம் போகவும் கூடாது. முதலை இருக்கிறது, கொசு இருக்கிறது. மலேரியா மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு ஆரம்பித்திருந்தோம்.

போட்ஸ்வானாவின் கசானேயோடு எங்கள் அனுமதிக் கடிதம் முடிந்துவிட்டது. சாம்பியா அந்தச் சுங்க ஒன்றியத்தில் இல்லை. வண்டிகளை முகாமில் விட்டுவிட்டு டாக்சியில் கசுங்குலா பாலத்தைக் கடந்து அருவியைப் பார்த்து வந்தோம். பாலம் 923 மீட்டர் நீளம், 2021-இல் திறந்தது. முன்பெல்லாம் லாரிகள் மிதவைப் படகுக்காக நாள்கணக்கில் கிடந்த இடம். ஜிம்பாப்வே எல்லைக்குள் நுழைந்துவிடாதபடி பாலத்தையே வில்லாக வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அன்றிரவு திரும்பும் வழியைப் பேசினோம். மவுன், கான்சி வழியாக விண்ட்ஹூக் வரை தார் இருக்கிறது, அங்கிருந்து கேப் டவுன் வரையும் தார்தான், கடைசிவரை பக்கத்திலேயே ஓட்டலாம் என்றேன். நண்பர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, தெற்கே அந்தப் பண்ணை இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அந்த வாஷர் தாங்குச்சான்னு பாக்கோணும்ல?"

விண்ட்ஹூக் தாண்டி மறுபடி சரளையில் இறங்கினோம். வாஷர் தாங்கியிருந்தது. பண்ணைக்காரர் அன்று ஊரில் இல்லை. உதவியாளர் எங்களை அடையாளம் கண்டு, அடுத்த காற்றாடியிலும் தண்ணீர் குறைகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். நண்பர் ஏற்கெனவே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.