திட்டம் வாசல்வரை வரும். பேச்சுதான் அடுப்படிவரை போகும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வசதியில்லாத வீட்டு வளரிளம் பிள்ளைகளிடம் 'ஆம்பளன்னா இப்படி, பொம்பளன்னா இப்படி' என்ற நினைப்பை மாற்றுவது சட்டமும் திட்டமுமா, மனம்விட்டுப் பேசும் பேச்சா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் உதவித்தொகையையும் கட்டணமில்லாப் பேருந்தையும் சட்டங்களையும் வரிசையாக அடுக்கினார். "பசிக்கிற வீட்டில் பேச்சு சோறு போடுமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். அவற்றில் ஒன்றைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. இன்றும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அக்காவும் தங்கையும் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்? யாரும் அவர்களை மிரட்ட வேண்டியதில்லை. "பொறந்த வீட்டு உறவு வேணுமா, சொத்து வேணுமா?" என்ற ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியே தப்பு என்று சொல்லிப் பார்க்க, பதினான்கு வயதில் அந்தப் பெண்ணுக்கும் ஓர் இடம் கிடைக்கவில்லை. அவள் தம்பிக்கும் கிடைக்கவில்லை.

பேசினால் மாறுமா? ஹரியானாவில் ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகள் மட்டுமே இருந்த மாநிலம் அது. 314 அரசுப் பள்ளிகளை எடுத்து, ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் மட்டும், ஏழாம் எட்டாம் வகுப்பில் தொடங்கி, பிள்ளைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டரை ஆண்டு இப்படி நடந்தது. பேச்சு நடந்த பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணம் சமத்துவத்தின் பக்கம் நகர்ந்தது. நிகழ்ச்சி முடிந்து இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் நின்றது. பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கைகொடுப்பதாகச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளின் படிப்பு, வேலைக் கனவுகளில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. ஏன் தெரியுமா? அவை ஏற்கெனவே உயரமாகத்தான் இருந்தன! கனவு காணச் சொல்லி நாம் யாருக்கு வகுப்பெடுக்கிறோம், நடுவர் அவர்களே? மாற வேண்டியவர்கள் சுற்றி இருப்பவர்கள். பெண் பிள்ளைகளை மட்டும் கூட்டி வைத்து நடத்தும் விழிப்புணர்வு முகாம் பாதி வேலைதான்.

"பேச்சு" என்றதும் எதிரணி உபதேசத்தை நினைத்துக்கொள்கிறது. நாங்கள் சொல்வது வேறு. கூட்டத்துக்கு இருபது இருபத்தைந்து பிள்ளைகள் போதும். மேடையும் மைக்கும் வேண்டாம், பாய் விரித்து வட்டமாக உட்காரலாம். பையன்கள் தனியாக, பெண்கள் தனியாக நாலைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கொரு சார்ட் பேப்பர் கொடுங்கள். அதில் 24 கட்டம், விடியற்காலை நாலு மணியிலிருந்து. இதே தெருவில் உங்கள் வயதுப் பையன் ஒருவன், பெண் ஒருத்தி; நேற்று அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? வேலைக்குச் சிவப்பு, படிப்புக்கு நீலம், விளையாட்டுக்குப் பச்சை, தூக்கத்துக்குக் கறுப்பு. எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டிவிட்டு, நடத்துபவர் வாயைத் திறக்கக் கூடாது. சிவப்பை அவர்களே எண்ணட்டும். 'ராத்திரி சாப்பாடு' என்று எழுதிய கட்டத்தைத் தொட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தத் தட்டை யார் கழுவினது?" அந்தக் கேள்விக்குப் பிறகு வரும் அமைதி இருக்கிறதே, அதுதான் பாடம். 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை அதற்குப் பிறகு சொல்லுங்கள். அப்போது வீட்டு வேலை செய்த பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டாள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அதில் கையே வைத்தார்கள். அவர்களும் 97 நிமிடம்தான். முதலிலேயே சொன்னால் அது வெறும் எண். தங்கள் தாளைப் பார்த்தபின் கேட்டால் அது அவர்கள் வீட்டுக் கணக்கு.

அடுத்த வாரம் பழமொழி. "பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு." இதைச் சொல்வது யார், எப்போது, சொன்னதும் வாயை மூடிக்கொள்வது யார்?

எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து நிமிடத்தில் நடத்துபவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் எல்லாப் பிள்ளையும் "ஆமா மிஸ்" என்று தலையாட்டும். அத்தோடு பேச்சு செத்தது. பையன்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள். அதனால் அவர்கள் இழப்பதிலிருந்து தொடங்க வேண்டும்: "ஆம்பள அழக்கூடாது" என்று அடக்கிய அழுகை, "ஆம்பளப் புள்ளதானே, வேலைக்குப் போ" என்று பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. கூச்சமான கேள்விகளுக்கு ஒரு பெட்டி வையுங்கள். ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பேனா. கேள்வி இல்லாதவரும் 'இல்லை' என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது.

"இதெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கு அடிதானே விழும்?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான பயம், நானும் அதை மதிக்கிறேன். அதனால்தான் தொடங்கும் முன்பே அம்மா அப்பாக்களை ஒரு மாலை கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். "எங்க வீட்ல" என்று யாரையும் பேச வைப்பதில்லை, "ஒரு வீட்ல" என்றே பேச்சு. பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. ஒரு பிள்ளை பாலியல் கொடுமையைச் சொன்னால் மூடி வைக்க முடியாது, போக்சோ சட்டப்படி புகார் தந்தே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் இருக்க வேண்டும். சட்டம் எங்களுக்கும் வேண்டும்தான், நடுவர் அவர்களே. ஆனால் அந்தப் பிள்ளை வாய் திறந்தால்தான் சட்டம் உள்ளே வர முடியும்.

கடைசியாக நேரம். குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள், பையன்கள் மட்டும் வருவார்கள். நேரத்தை மாற்றுங்கள். மாற்றும்போது வந்திருக்கும் பையன்களிடம் ஏன் மாற்றுகிறோம் என்று கேளுங்கள். குடம் யார் வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.